அச்சிட்ட எலும்பும் அதற்கு வேண்டிய சாட்சியமும்

யந்திரத்தினால் எலும்பை அச்சிட்டெடுத்து உடைந்த அங்கத்தில் பொருத்திவிடலாம் என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பத்திரிகைகளில் பெரிய எழுத்துக்களில் வெளிவருகிறது. தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பதைப்போல, வைத்தியர் அளவெடுத்து எலும்பு வரவழைக்கும் காலம் வந்துவிட்டதென்று படிப்பவர்களில் பலர் எண்ணிவிடுகின்றனர். இந்த நம்பிக்கை முழுதும் வீண் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், ஒரு வஸ்து ஆராய்ச்சிசாலையில் நன்றாயிருந்தது என்பதற்கும், அது மனிதனுடைய உடலில் பல்லாண்டு நிலைத்து நன்மை செய்தது என்பதற்கும் இடையே நெடிய வழி ஒன்று உண்டு. அந்த வழிக்குப் பரீக்ஷை என்று பெயர். அது எவ்வாறு நடைபெறுகிறது, எங்கெங்கே ஏமாற்றக்கூடியது என்பதைப் பொதுஜனங்கள் அறிந்திருத்தல் அவசியமெனக் கருதியே இதனை எழுதப் புகுந்தோம்.

இது நமது தேசத்துக்குத் தூரத்து விஷயமன்று. மத்திய சர்க்காரின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். 4,43,366 பேர் காயமுற்றனர். காலெலும்பு நொறுங்கி எழுந்து நடக்க மாட்டாமற் போன ஒரு கூலியாளின் குடும்பம் என்ன கதி அடையும் என்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. புற்றுநோய்க் கட்டியோடு தாடையெலும்பையும் இழந்தவர்கள் வேறு இருக்கின்றனர். இத்தகையோருக்கு மாற்றெலும்பு கிடைக்குமானால் அது பெரிய உபகாரமே. அதனாலேயே அவர்கள் பெயரால் செய்யப்படும் பரீக்ஷை நேர்மையாயிருக்க வேண்டும் என்கிறோம்.

எலும்பு தன்னைத் தானே கூட்டிக்கொள்ளும் ஆற்றல் உடையது. மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டும் நாட்டு வைத்தியரும், மாவுக்கட்டுப் போடும் டாக்டரும் செய்வதெல்லாம் முறிந்த முனைகளை நேராக நிறுத்தி அசையாமல் வைப்பதுதான், கூட்டுவது இயற்கை. ஆனால் இடைவெளி ஓர் அளவுக்கு மேற்பட்டால் இயற்கையும் கைவிட்டுவிடுகிறது. அப்பொழுது நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே ஒரு துண்டை எடுத்து அந்த இடைவெளியை அடைக்கின்றனர். இன்றும் எல்லா முறைகளிலும் சிறந்ததாக மதிக்கப்படுவது இதுவே. எனினும், எடுத்த இடத்தில் இரண்டாவதாக ஒரு ரணமும், சிலருக்கு நீடித்த வலியும் உண்டாகின்றன. எடுக்கக்கூடிய அளவும் சொற்பம். ஆகவே செயற்கைப் பொருளைத் தேடும் முயற்சி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகிறது.

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருளே. இதைக் கண்ட ரண வைத்தியர்கள் அவ்வினத்தைச் சேர்ந்த பொருள்களை நாடினர். 1892-ல் ஜெர்மனியில் டிரீஸ்மன் என்பவர் பிளாஸ்டர் ஆப் பாரிஸை எலும்புக் குழிகளில் அடைத்துப் பார்த்தார். 1920-ல் அமெரிக்காவில் ஆல்பீ, மாரிஸன் என்ற இருவர் கால்சியம் பாஸ்பேட் எலும்பு வளர்ச்சியைத் தூண்டுகிறதா என்று பரிசோதித்து எழுதினர். அந்தப் பரம்பரையில் வந்தவையே இன்று வழங்கும் ஹைட்ராக்ஸி அபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் முதலிய பீங்கான் வகைகள். முன்னது உடலில் நெடுங்காலம் கரையாமல் நிற்கும். பின்னது விரைவில் கரையும். இரண்டையும் வேண்டிய அளவில் கலப்பதும் உண்டு.

வீடு கட்டுவோர் சாரம் கட்டிக்கொண்டு சுவரை எழுப்பி, சுவர் உறுதிப்பட்ட பிறகு சாரத்தை அவிழ்த்துவிடுகிறார்கள். எலும்பு விஷயத்திலும் வேண்டியது அத்தகைய சாரமே. அதில் துளைகள் இருக்க வேண்டும். அவை ஒன்றோடொன்று தொடர்புடையனவாகவும் இருக்க வேண்டும். அப்பொழுதுதான் இரத்தக் குழாய்களும் எலும்பு அணுக்களும் உட்புகுந்து வளரும். துளை 100 மைக்ரானுக்குக் குறையலாகாது, 300 மைக்ரானுக்கு மேற்பட்டால் நலம் என்பது நெடுநாள் அநுபவம். ஒரு மில்லிமீட்டர் என்பது 1,000 மைக்ரான். ஆனால் துளை மிகுந்தால் பலம் குறையும். பலத்தைக் கருதித் துளையைக் குறைத்தால் உயிர் உட்புகாது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி காண்பதுதான் சிரமம்.

இங்கேதான் அச்சு யந்திரம் வந்து உதவுகிறது. அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1980-களின் இறுதியில் உருவான முறை ஒன்றைச் சொல்லுவோம். நுண்ணிய தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, தாளில் மை தெளிப்பதைப்போல வேண்டிய இடங்களில் மட்டும் பசை தெளிக்கின்றனர். அதன்மேல் மற்றொரு படலம், மறுபடியும் பசை. இவ்வாறு அடுக்கடுக்காக உருவம் எழுகிறது. ஒட்டாத தூளை உதறிவிட்டு, எஞ்சியதைச் சூளையில் சுடுகின்றனர். நோயாளியின் படத்தை வைத்துக்கொண்டு அவருடைய எலும்பின் குறைக்கு ஏற்ற வடிவத்தையே கணக்காகச் செய்துவிடலாம் என்பது இதன் சிறப்பு.

இம்முறையை எலும்புக்குப் பயன்படுத்திப் புகழ் பெற்றவர்களுள் வாஷிங்டன் ராஜ்ய ஸர்வகலாசாலையைச் சேர்ந்த சுஸ்மிதா போஸ், அமித் பந்தோபாத்யாய ஆகிய இருவரும் முக்கியமானவர்கள். முன்னவர் கான்பூரிலும் பின்னவர் பெங்களூரிலும் உயர்தரக் கல்வி பயின்று அமெரிக்கா சென்றவர்கள் என்பது நமக்குப் பெருமை தருவது. உலோகப் பண்டங்கள் செய்வதற்கென்று விற்கப்பட்ட அச்சு யந்திரம் ஒன்றை ஓராண்டு உழைத்துத் தங்கள் காரியத்துக்கு ஏற்பத் திருத்தி, டிரைகால்சியம் பாஸ்பேட்டினால் சாரங்களை அச்சிட்டனர். 2011-ம் ஆண்டு இறுதியில் இச்செய்தி உலகெங்கும் பரவியது. சில ஆண்டுகளில் வைத்தியர்கள் எலும்புக்கு ஆர்டர் கொடுக்கக்கூடும் என்ற நம்பிக்கையும் அப்பொழுதே தெரிவிக்கப்பட்டது. அந்தச் சாரங்களுக்கு நடந்த பரீக்ஷைகளையே உதாரணமாகக் கொண்டு பார்ப்போம்.

முதற் பரீக்ஷை பலத்தைப் பற்றியது. சாரத்தை யந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்தில் நொறுங்குகிறதென்று அளக்கின்றனர். நூற்றுக்கு அரைப் பங்கு சிலிகாவும் கால் பங்கு துத்தநாக ஆக்ஸைடும் சேர்த்ததனால் பலம் இரண்டரை மடங்கு வரையில் உயர்ந்தது. 500 மைக்ரான் துளையுள்ள மாதிரி சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ பாரம் தாங்கிற்று. மனிதனுடைய எலும்பின் உட்புறத்தில் கடற்பஞ்சு போன்றுள்ள பாகம் தாங்குவது 20 முதல் 120 கிலோ வரையில். ஆகவே அதற்கு இது ஈடாகும். ஆனால் தொடையெலும்பின் வெளிப்புறமான கெட்டிப் பாகம் 1,000 கிலோவுக்கு மேல் தாங்கவல்லது. அதன் அருகே இது நிற்கமாட்டாது. அன்றியும், பீங்கானின் இயல்பு யாவரும் அறிந்ததே: வளையாது, விரிசல் கண்டால் உடைந்துவிடும். நாளொன்றுக்கு 5,000 அடி நடப்பவனுடைய ஒவ்வொரு காலும் ஓராண்டில் ஒன்பது லட்சம் தடவைக்கு மேல் உடற்பாரத்தைத் தாங்கி இறக்குகிறது. உலர்ந்த நிலையில் ஒரு முறை நசுக்கிக் கண்ட பலம், உடல்நீரில் ஊறிக் கரைந்துகொண்டிருக்கும் நிலையில் இத்தனை தடவைக்கு என்ன ஆகும் என்பதற்குச் சாட்சியாகாது. அதைத் தனியே பரிசோதிக்க வேண்டும்.

இரண்டாவது பரீக்ஷை பாத்திரத்தில் நடப்பது. ஜப்பானில் கியோட்டோ ஸர்வகலாசாலையைச் சேர்ந்த கொகுபோ என்பவர் 1990-ம் ஆண்டையொட்டி, மனித இரத்த நீரிலுள்ள உப்புக்களை அதே அளவில் கலந்து ஒரு திரவம் தயாரித்தார். ஒரு பொருளை அதில் ஊறவைத்தால் மேலே அபடைட் படலம் படியுமானால், அது உயிருள்ள எலும்போடும் ஒட்டும் என்பது கொள்கை. செலவு குறைவு, சுலபம். ஆகவே உலகெங்கும் பரவியது. 2007-ல் சர்வதேச நிர்ணயமாகவும் ஆயிற்று. ஆனால் இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தபோது உண்மை வெளிப்பட்டது. டிரைகால்சியம் பாஸ்பேட் உடலில் எலும்போடு நன்றாக ஒட்டுகிறது. எனினும் இத்திரவத்தில் பல சமயங்களில் படலம் படிவதில்லை. 2009-ல் போனர், லமேத்ர் என்ற இருவர் இப்பரீக்ஷையின் குறைகளை விரிவாக எடுத்துக் காட்டினர். நல்ல பொருளைக் கெட்டதென்று சொல்லக்கூடிய சாட்சி, கெட்டதை நல்லதென்றும் சொல்லக்கூடுமல்லவா?

அடுத்து, சாரத்தின்மேல் எலும்பு அணுக்களை வளர்க்கின்றனர். மேற்சொன்ன சாரத்தில் ஒரு வாரத்துக்குள் அணுக்கள் பின்னலாகப் படர்ந்ததைக் கண்டனர். இது நல்ல அறிகுறி. ஆனால் பாத்திரத்தில் இரத்த ஓட்டமில்லை, நடையில்லை, அந்நியப் பொருளை எதிர்க்கும் உடலின் காவற்படையும் இல்லை. அணுக்களுக்கு விஷமாகவில்லை என்பதற்கே இது சாட்சி. எலும்பு கூடிவிடும் என்பதற்கு அன்று.

மூன்றாவது பரீக்ஷை பிராணிகளில் நடப்பது. மேற்சொன்ன சாரங்களை எலிகளிலும் முயல்களிலும் வைத்துப் பார்த்து நம்பிக்கைக்குரிய பலன் கண்டனர். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சிறிய ஓட்டையை இட்டு அதில் சாரத்தை வைத்தால், ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளும். புகழ் சாரத்துக்குப் போய்விடும். ஆகையால் தானாக மூடாத அளவுள்ள குறையையே உண்டாக்க வேண்டுமென்று விதி வகுத்திருக்கின்றனர். எலியின் மண்டையோட்டில் வழக்கமாக அது 8 மில்லிமீட்டர். மேலும், சில பிராணிகளின் குறையை ஒன்றும் வைக்காமல் விட்டும், சிலவற்றில் அவற்றின் சொந்த எலும்பையே வைத்தும் ஒப்பிட வேண்டும். ஒப்பீடில்லாத பரீக்ஷை, எதிர்க்கக்ஷி இல்லாத வழக்கில் ஒருதலையாகக் கிடைத்த தீர்ப்பைப் போன்றது. எலி, முயல் இவற்றின் எலும்பு மனிதனுடையதைவிட விரைவில் கூடும் என்பதையும் மறக்கலாகாது. அதனாலேயே மனிதனை ஒத்த பாரமும் எலும்பளவும் உடைய செம்மறியாடு முதலிய பெரிய பிராணிகளில் பல மாதம் பார்க்கவேண்டியிருக்கிறது.

இதற்கும் ஓர் உதாரணம். 2016-ல் அமெரிக்காவிலுள்ள நார்த்வெஸ்டர்ன் ஸர்வகலாசாலையார், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஹைட்ராக்ஸி அபடைட்டும் பத்துப் பங்கு பிளாஸ்டிக் இனப் பொருளும் சேர்த்து, அழுத்தினால் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும் சாரத்தை அச்சிட்டனர். பீங்கானின் பெருங்குறையை நீக்கும் அருமையான யோசனை இது. சுண்டெலியிலும் எலியிலும் பார்த்தபின், ஒரு குரங்கின் மண்டையோட்டிலும் வைத்து நான்கு வாரம் கவனித்து நல்ல பலன் கண்டனர். அவர்கள் அதனை ஒரு தனி நிகழ்ச்சி என்றே தெளிவாக எழுதினர். ஆனால் சாஸ்திரக் கட்டுரை பத்திரிகைச் செய்தியாகும்போது முதலில் மறைந்துபோவது இந்த அடக்கமே. ஒரு குரங்கு, நான்கு வாரம் என்ற இரண்டு விவரங்களையும் விட்டுவிட்டால் எஞ்சுவது விளம்பரமேயாகும்.

மனிதரிடத்தில் இதுவரை நடந்ததென்ன? டோக்கியோ ஸர்வகலாசாலையார் கால்சியம் பாஸ்பேட் தூளினால் அச்சிட்ட எலும்புகளை, முக அமைப்பில் குறையுள்ள 10 பேருக்கு வைத்துப் பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டனர். 2022-ல் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட அச்சு எலும்பொன்றுக்கு ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. மேற்சொன்ன நெகிழும் சாரத்தின் வழிவந்த பொருளுக்கு 2023-ன் இறுதியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இவை மூன்றும் முகத்தெலும்பைச் சார்ந்தவை. உடற்பாரம் சுமக்கும் தொடையெலும்பின் இடைவெளியை இட்டு நிரப்புவதற்கு வந்தவையல்ல. அன்றியும், அமெரிக்க அனுமதி எத்தகையது? சந்தையில் முன்பே உள்ள ஒரு பொருளுக்கு இது பெரும்பாலும் ஒப்பானது என்று காட்டிப் பெற்ற அனுமதி அது. அது சட்டப்படி சரியே. ஆனால் அனுமதி என்ற சொல்லைக் கேட்டவுடன் நீண்ட மனிதப் பரீக்ஷை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது தவறு.

இதுவரை சாட்சியத்தின் தன்மையைக் கூறினோம். இனி, சாட்சி சொல்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் புரதம் ஒன்றை முதுகெலும்புச் சிகிச்சையில் பயன்படுத்த 2002-ல் அமெரிக்காவில் அனுமதித்தனர். உற்பத்தியாளரின் பணத்தால் நடந்த 13 பரீக்ஷைகளின் அறிக்கைகளில், அப்புரதத்தால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகக் காணவில்லை. 2011-ல் முதுகெலும்பு வைத்தியர்களின் பத்திரிகை ஒன்று தனி இதழே வெளியிட்டு, தீங்குகள் சிகிச்சை முறைக்கேற்ப நூற்றுக்குப் பத்து முதல் ஐம்பது வரையில் இருக்கக்கூடும் என்று எடுத்துக் காட்டியது. பிறகு யேல் ஸர்வகலாசாலையின் ஏற்பாட்டில் எல்லா மூல விவரங்களையும் தனித்தனியே இரண்டு குழுக்கள் ஆராய்ந்தன. இடுப்பெலும்புத் துண்டை வைப்பதைவிட இதனால் அதிக நன்மை ஏதும் இருப்பதாகத் தெளிவாகவில்லை என்று 2013-ல் வெளியாயிற்று. பண்டத்தை விற்பவரே பரிசோதகரையும் நியமித்து, அறிக்கையையும் மேற்பார்வையிட்டால் இப்படித்தான் முடியும்.

நமது நாட்டவரும் இதன் கசப்பை அறிவர். 2010-ல் உலகெங்கும் திருப்பியழைக்கப்பட்ட உலோக இடுப்பு மூட்டு ஒன்று ஆயிரக்கணக்கான இந்தியர்களின் உடலில் வைக்கப்பட்டிருந்தது. அவர்களுக்கு நஷ்டஈடு இவ்வளவென்று மத்திய சர்க்கார் முறை வகுத்தது 2018-லேதான். எட்டாண்டுக் காலம் நோயாளி அலைந்ததற்கு முக்கிய காரணங்களில் ஒன்று, யாருடைய உடலில் எது வைக்கப்பட்டது என்று ஒழுங்காகப் பதிந்து வைக்கும் ஏற்பாடு இல்லாமையே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் வைத்திய விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் வல்லியத்தானும் அவருடன் உழைத்தவர்களும் செயற்கை இருதய வால்வு செய்தபோது, முதல் மூன்று மாதிரிகளும் பரீக்ஷையில் தோற்றன. அவர்கள் அதை மறைக்கவுமில்லை. பொறுமையிழந்து நோயாளிகளிடம் கொண்டு செல்லவுமில்லை. நான்காவது மாதிரி யந்திரத்திலும் செம்மறியாட்டிலும் தேறிய பின்னரே, 1990-ம் ஆண்டு டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தனர். அதன்பின் அது பல்லாயிரம் பேருக்கு உயிர் காத்தது. தோல்வியைக் கண்டுபிடிக்கும் பரீக்ஷையே உண்மையான பரீக்ஷை என்பதை நம்மவரே நமது மண்ணில் நிரூபித்திருக்கின்றனர். இந்த வழி இருக்க, பிறநாட்டுப் பண்டங்களுக்கு வெறும் சந்தையாகவோ, பிறர் பரீக்ஷைகளுக்கு மலிவான உடல்களாகவோ நாம் இருக்க வேண்டிய அவசியம் என்ன?

நோயாளி வலியால் துடிக்கும்போது நீங்கள் விதி பேசிக் காலம் தாழ்த்துகிறீர்களே என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. தாமதத்தால் துன்புறுவோர் இருக்கின்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உடலில் வைத்த சாரம் நொறுங்கினால், அதை எடுக்க மற்றொரு ரண சிகிச்சை வேண்டும். சீழ்ப்பிடித்தால் காலையே இழக்க நேரிடும். செல்வர் இரண்டாம் முறையும் பணம் கட்டுவார். ஏழை என்ன செய்வான்? அவசரத்தின் விலையைக் கடைசியில் கொடுப்பவன் ஏழையே. நன்மை உண்டென்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். தீமை உண்டென்று நோயாளி நிரூபிக்கட்டும் என்பது எந்த நியாயஸ்தலத்துக்கும் ஏற்றதன்று.

சட்டம் முற்றிலும் இல்லையென்று நாம் குறை கூறவில்லை. மருந்துப் பரீக்ஷைகளில் நேர்ந்த அக்கிரமங்களைக் கண்டு 2013-ல் உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. 2017-ல் வைத்திய சாதனங்களுக்கெனத் தனி விதிகள் ஏற்பட்டன. அனுமதி பெறாமல் மனிதரிடம் பரிசோதிக்கலாகாது, தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் நஷ்டஈடும் தரவேண்டும் என்று அவை கூறுகின்றன. மனிதப் பரீக்ஷைகளை முன்கூட்டியே பதிவு செய்யும் பொதுப் பதிவேடு 2007-ல் தொடங்கி, 2009 முதல் மருந்துப் பரீக்ஷைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. இவை நல்ல அஸ்திவாரம். இவற்றின்மேல் எழ வேண்டியவை நான்கு என்பது நமது அபிப்பிராயம்.

ஒன்று, பொதுப் பணத்தால் நடக்கும் பிராணிப் பரீக்ஷைகளையும் தொடங்குமுன்னரே பதிவு செய்ய வேண்டும். தோற்றவற்றின் முடிவையும் வெளியிட வேண்டும். இரண்டு, நசுக்கும் யந்திரம் முதல் செம்மறியாட்டுக் கொட்டில் வரை எல்லா வசதியும் கொண்ட, உற்பத்தியாளரிடம் கூலி பெறாத பரீக்ஷைசாலைகளைச் சர்க்கார் நிறுவ வேண்டும். மூன்று, உடலில் வைக்கப்படும் ஒவ்வொரு சாரத்துக்கும் இலக்கமிட்டு, நோயாளியைப் பத்தாண்டு தொடர்ந்து விசாரித்துப் பதிந்துவர வேண்டும். நான்கு, சம்மதப் பத்திரம் நோயாளியின் தாய்மொழியில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு குடியானவர், இது எத்தனை பேருக்கு வைக்கப்பட்டது, எத்தனை காலம் பார்க்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்காவது தமிழில் விடை பெற்ற பிறகே கையெழுத்திட வேண்டும்.

பீங்கானை அச்சிடும் யந்திரத்தை விலைக்கு வாங்கிவிடலாம். அதை இயக்கும் அறிவும் நம்மவரிடத்தில் குறைவின்றி உண்டு. ஆனால் ஒரு வஸ்துவின் குறையைத் தேடிக் கண்டு, கண்டதைக் கண்டபடி சொல்லும் வழக்கத்தை எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது. அதை நாமேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அச்சிட்ட எலும்பைப் பற்றிய செய்தியைக் காணும் வாசகர்கள், எந்தப் பிராணியில், எத்தனை நாள், எதனோடு ஒப்பிட்டு, யாருடைய செலவில் என்ற நான்கையும் கேட்பார்களாக. கேட்கும் ஜனங்கள் உள்ள தேசத்தில்தான் விடை சொல்லும் சாஸ்திரமும் வளரும்.